மைக்ரோ செகண்டின் மொட்டைமாடிக் கேமரா

நாலு மணி ஆறு நிமிடம். அன்றைக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கிய நேரம் அதுதான். இதை நான் கடிகாரம் பார்த்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தேன். நேரத்தைச் சொன்னவர், எங்கள் தெரு மைக்ரோ செகண்ட் என்று பட்டப்பெயர் வைத்திருந்த மனிதர். அவர் சொன்னது இன்னும் நீளம்.

"நாலு ஆறு, பதினோரு செகண்டு, நானூத்தி முப்பது மில்லி செகண்டுங்க சார். அதுக்குக் கீழ வேணும்னாலும் இருக்குது."

நெய்வேலி டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்து ஆட்களும் உண்டு, எல்லா வகைக் கிறுக்கும் உண்டு. ஆனால் சும்மா இருக்கும் எதையும் ஒரு பொருட்டாகவே மதிக்காத மனிதர் என்று ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சுவர், கட்டடம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள், எதுவும் அவருக்குக் கணக்கில்லை. அசைந்தால் பார்ப்பார். அசையாவிட்டால் நீங்கள் இல்லை.

இதை எழுதலாமா என்று என் மகளிடம் கேட்டேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "எழுதுப்பா. ஆனா என் பேரை மாத்திடு. நீ அழுததையும் கொஞ்சம் கம்மி பண்ணிக்க" என்றாள். ஆகவே அவள் பெயர் இங்கே கயல். அழுகையை அவள் சொன்ன அளவுக்குக் குறைத்திருக்கிறேன்.

மைக்ரோ செகண்டின் நிஜப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தன் அக்காவின் மாடிக் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார்; தெருவுக்கு அவர் சிஸ்டர் அக்கா. வளையமாதேவிப் பக்கத்து விவசாயக் குடும்பம். தூர ஊரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், ஒரு நாள் இரண்டு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். ஒன்றில் லுங்கிகள். இன்னொன்றில், பஞ்சில் சுற்றி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கேமரா.

அது சாதாரணக் கேமரா இல்லை என்று எனக்குப் புரியவைக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது.

"சாதா கேமரா செகண்டுக்கு முப்பது படம் எடுக்குது. ஒண்ணுமே மாறலைன்னாலும் அதே செவுத்த முப்பது தபா எடுத்துகினு கெடக்கும். என்னுது அப்பிடி இல்லீங்க. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி வாட்ச்மேன். தன் எதிர்ல வெளிச்சம் மாறிச்சுன்னா மட்டும் 'இங்க மாறிச்சு, இன்ன நேரத்துல மாறிச்சு'ன்னு கத்தும். மாறலியா, வாயே தொறக்காது. நம்ம கண்ணும் மூளையும் வேல செய்யிற மாதிரிங்க."

அப்படி ஒரு வாட்ச்மேனை எங்கள் ஷிப்டில் நான் பார்த்ததில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் மைன்ஸில், நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ஆப்பரேட்டர். அவருடைய ஆராய்ச்சியும் கன்வேயர் பற்றித்தான். பெல்ட்டைத் தாங்கும் ரோலர் கெடுவதற்கு முன்னால் லேசாக நடுங்குமாம். சாதாக் கேமரா இரண்டு படம் எடுப்பதற்குள் அந்த நடுக்கம் வந்து போய்விடுமாம். இவருடைய கேமரா அதைப் பிடித்துவிடுமாம். மைன்ஸுக்குள் வைக்க அனுமதி கேட்டு எழுதிய காகிதம் மேஜை மேஜையாக உலாப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை பழக்கத்துக்கு இருக்கட்டும் என்று, கேமராவை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டி, ஒயரைக் கீழே முன்னறைக்கு இழுத்து, எங்கள் தெருமுனையைப் பதிவு செய்யத் தொடங்கினார்.

தெரு கொந்தளித்தது. பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த ராஜு தலைமையில் ஒரு குழு மாடியேறிப் போய், "பொம்பளைங்க நடமாடுற தெருவுல கேமராவா?" என்று கேட்டது. மைக்ரோ ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ராஜுவின் மனைவி கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, எல்லாரையும் கோலம் கணக்கா போட்டு வச்சிருக்க? மூஞ்சி எங்க?"

"மூஞ்சி வராதுக்கா. ஆடுனா ஓரம் மட்டும் வரும். ஆடாம இருந்தா ஆளே வராது."

"அப்ப எங்க வூட்டுக்காரரு வரவே மாட்டாரு."

அத்தோடு போராட்டம் முடிந்தது.

அடுத்து டியூப்லைட் விவகாரம். மாலையில் வீடு வீடாகப் போய், விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டார். "உங்க டியூப்லைட் செகண்டுக்கு நூறு தபா மங்கி மங்கி எரியுதுங்க. என் ஸ்க்ரீன் பூரா எறும்பு மொய்க்கிற மாதிரி இருக்குது."

ராஜு சொன்னார்: "நூறு தபா மங்குனாலும் நூத்தியோராவது தபா எரியுதில்ல? போங்க சார்."

பொங்கல் விளையாட்டுப் போட்டியன்று தெருவைக் குரூப் போட்டோ எடுக்க அவரே முன்வந்தார். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஸ்க்ரீனில் ஒரு ஈ மட்டும் பறந்தது. "ஆடுங்க! எல்லாரும் தலைய ஆட்டுங்க!" என்று கத்தினார். நாற்பது பேரும் ஆட்டினோம். சாமி வந்தவர்கள் போல ஒரு படம் கிடைத்தது. அதில் நான் எங்கே என்று கேட்டேன். "எடதுபக்கத்துலேர்ந்து மூணாவது கலங்கல்" என்றார்.

அவருக்குப் பகை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வெடி. மைன்ஸில் கெட்டியான மண்ணை உடைக்கப் பிற்பகலில் வெடி வைப்பார்கள். ஜன்னல் கண்ணாடி ஒருமுறை கடகடக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் வாசலுக்கு ஓடுவார்கள். பழையவர்கள் காபி டம்ளரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வோம். மைக்ரோவின் கேமராவோ தூணோடு சேர்ந்து குலுங்கும். கேமரா ஆடினால் அதன் பார்வையில் உலகமே ஆடியது போல. அரை நொடிக்குத் தெருவில் சும்மா கிடந்த அத்தனையும், சுவர், கம்பம், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் எல்லாம், ஓரம் ஓரமாக மின்னிவிட்டு மறையும்.

"குப்பைங்க சார்" என்பார். தினமும் அந்த அரை நொடியைத் தேடிப் பிடித்து வெட்டி எறிவார். வெடி வைப்பதற்கு முன்னால் தனக்குப் போன் பண்ணச் சொல்ல முடியுமா என்றுகூட என்னிடம் கேட்டார்.

இப்போது நாலு மணி ஆறு நிமிடத்துக்கு வருகிறேன்.

கயல் அப்போது ஆறாம் வகுப்பு. ஸ்கூல் பஸ் தெருமுனையில் இறக்கிவிடும். முதல் ஷிப்ட் போய் இரண்டு மணிக்குத் திரும்பிவிட்டால் அவளை அழைத்துவரத் தெருமுனையில் நிற்பது என் வேலை. என் மனைவி குறிஞ்சிப்பாடியில் டீச்சர். அவள் பஸ் பிடித்து வர ஆறு ஆகும். அன்று சாப்பிட்டுப் படுத்தவன் கண் விழித்தபோது நாலு இருபத்தைந்து. வீடு அமைதியாக இருந்தது. செருப்பு வைக்கும் இடத்தில் அவள் ஷூ இல்லை.

தெருமுனைக்கு ஓடினேன். அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் பின்னால் இடிக்கப்போவதாக எழுதிப் போட்டிருந்த காலி குவார்ட்டர்ஸ் ஒன்றின் சுற்றுச்சுவர். யாரும் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அடுத்த தெருவுக்கு ஓடினேன். என் சத்தம் கேட்டு வெளியே வந்தவர்களையும் பின்னால் இழுத்துக்கொண்டு திரும்பி வந்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பஸ் டிரைவருக்குப் போன் போட்டேன். "எறக்கி விட்டாச்சு சார், கரெக்ட் டைமுக்கு" என்றார். நடுவில் வெடி வைத்தார்கள். எந்த நேரத்தில் என்று நான் கவனிக்கவில்லை. காலடியில் தரை அதிர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மனைவியின் எண்ணை அழுத்தினேன். "சொல்லுங்க" என்றாள். பஸ் இரைச்சல் கேட்டது. "சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை அவளிடம் திட்டு வாங்குகிறேன்.

அந்த வருடம் எல்லோர் போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிய செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் என் வாசலில் இருபது பேர். "மைக்ரோ வூட்டு கேமராவுல பாத்துடலாம்" என்று ராஜுதான் சொன்னார். எல்லோரும் மாடியேறினோம்.

மைக்ரோ உடனே ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்தார். பதிவைப் பின்னால் ஓட்டினார். நாலு ஆறு. பெரிய வெள்ளைக் கொத்தாக பஸ் வந்தது. அதிலிருந்து சின்ன உருவம் ஒன்று இறங்கியது. தோளில் பை. நடையைப் பார்த்ததுமே என் பெண் என்று தெரிந்துவிட்டது. பஸ் போனது. உருவம் நாலு அடி வைத்தது. நின்றது. பின்பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாவாடையைத் தொட்டது. பிறகு மரத்தை நோக்கி வேகமாகப் போனது. மரத்தருகில் போனதும் கரைந்தது. காலிலிருந்து தலைவரை, உப்பு கரைவது போல, ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

யாரோ "ஐயோ" என்றார்கள்.

நாலு ஒன்பதுக்கு ஒரு வேன் வந்தது. மரத்தை மறைத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கிளம்பியது. மரத்தடியில் கறுப்புதான் இருந்தது.

"அந்தக் குடம் விக்கிற வேன்! இப்பத்தான் மூணாவது தெருவுல பாத்தேன்!" என்று ராஜு கத்தினார். இருபது பேரும் படியில் உருண்டோம். பின்னால் மைக்ரோ, "சார், நின்னுச்சுன்னா அப்பிடித்தாங்க! நின்னா மறைஞ்சிடும்!" என்று கூவியது என் காதில் விழத்தான் செய்தது. மாதக்கணக்கில் அதையே சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்தவன் நான். அந்த நிமிடம் அது எனக்கு உறைக்கவில்லை. என் பெண் கரைந்து போனதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

வேன் மூன்றாவது தெருவில்தான் நின்றது. வியாபாரி என் வயதுக்காரர், ஒரு பெண்மணிக்குப் பச்சைக் குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்தவன் நான்தான். வேறு யார் மீதும் அந்தப் பழியைப் போடமாட்டேன்.

"எம் பொண்ணு எங்கடா?"

"எந்தப் பொண்ணு சார்? நான் குறிஞ்சிப்பாடி சார். கொடம் விக்கிறவன் சார். ஏறிப் பாருங்க, நல்லா ஏறிப் பாருங்க."

ஏறினார்கள். குடம், வாளி, முறம் எல்லாம் ரோட்டில் வந்து விழுந்து உருண்டன. வேனில் அவருடைய சோற்றுத் தூக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. "வழில எறக்கி விட்டிருப்பான்" என்றார் ஒருவர். இன்னொருவர் பெல்ட்டைக் கழற்றினார். என் கை மேலே போனது. அது இறங்கியிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரையை எழுதும் யோக்கியதை எனக்கு இருந்திருக்காது.

அப்போதுதான் மைக்ரோ வந்தார். அக்கா வீட்டை விட்டுப் பகலில் அபூர்வமாகவே வெளியே வரும் மனிதர், லுங்கியை ஒரு கையாலும் திறந்த லேப்டாப்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் இரண்டு முழம் ஒயர் தரையில் புரள, ஓடி வந்தார். தூக்கிய என் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"இத்தப் பாருங்க. வெடி வச்ச நேரம். நாலு முப்பத்தொண்ணு."

ஸ்க்ரீனில் ஒரே ஒரு படம். மொட்டைமாடி குலுங்கிய அந்த அரை நொடி. தெரு முழுக்க மின்னியது. சுவர், கம்பம், மரம், அதன் ஒவ்வொரு கிளை. மரத்தின் அடிப்பகுதிக்கும் காலி வீட்டுச் சுவருக்கும் நடுவில், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத சந்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு உருவம். மடியில் பை.

"வேன் போயி இருபது நிமிஷத்துக்கு அப்பறம்ங்க இது. பாப்பா எங்கியும் போவல. அங்கியேதான் குந்திகினு இருக்குது."

நான் ஓடத் திரும்பினேன். அவர் கையை விடவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"இருங்க சார். நடுவுல பூராப் பாத்தேன். ஒரே ஒரு கைதான் ஆடுது. கண்ணத் தொடைச்சிகினு திரும்ப அடங்கிடுது. நீங்க பேரு சொல்லிக் கூப்பிட்டுகினு ரெண்டு தபா அந்தப் பக்கம் போறீங்க. அது காதுல வுழாமலா இருக்கும்? அப்பவும் ஆடல. யாரும் பாக்கக் கூடாதுன்னு குந்தியிருக்குதுங்க. இத்தினி பேரைக் கூட்டிகினு போவாதீங்க. நீங்க மட்டும் போங்க."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். மில்லி செகண்ட் தவறினால் திருத்துகிற மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பாப்பா கெடச்சிருச்சுங்க! ஃபிரண்டு வூட்டுல ஹோம்வொர்க் எழுதிகினு இருக்குதாம். இப்பத்தான் போன் வந்துச்சு. அந்தக் கொடத்த எல்லாம் பொறுக்கி ஏத்துங்க மொதல்ல!"

பெல்ட்டைக் கழற்றியவர் மறுபடி மாட்டத் தொடங்கினார். நான் வியாபாரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கிழிந்த காலரைச் சரிசெய்தபடி, "பொண்ணு கெடச்சுதில்ல சார்? போங்க, போயிப் பாருங்க" என்றார். அன்று மாலை எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குத் திடீரென்று குடம் தேவைப்பட்டது. ராஜு மூன்று வாங்கினார்.

நான் மரத்துக்கு ஓடினேன். இந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கூப்பிட்டேன்.

"கயலு."

"வராதப்பா! அங்கயே நில்லு!"

உயிர் வந்தது. உடனே அடுத்த பயம் பிடித்தது. "பாம்பு ஏதாச்சும் கடிச்சுதா? யாராவது எதாவது பண்ணாங்களாம்மா?"

"இல்லப்பா."

"பின்ன ஏன்மா இங்க?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "அம்மா எப்ப வருவா? ட்ரெஸ்ல ஆயிருச்சுப்பா. நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பஸ்ஸை விட்டு இறங்கிய உருவம் பாவாடையைத் தொட்டது ஞாபகம் வந்தபோதுதான் புரிந்தது. திரும்பி நின்றேன். மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காவல்காரன் மாதிரி. கண்ணிலிருந்து வந்ததைத் துடைக்கவில்லை. (இதைத்தான் குறைக்கச் சொன்னாள்.)

"நான் கூப்பிட்டப்ப ஏம்மா பேசல?"

"உன் பின்னாடி எல்லாரும் இருந்தாங்கப்பா."

இருந்தார்கள். நான்தான் கூட்டி வந்தேன்.

ரோட்டில் சைக்கிள் ஒன்று வந்தது. அதை வழிமறித்து, "இந்தப் பக்கம் வேணாங்க, கரண்டு ஒயரு அறுந்து கெடக்குது" என்று ஒரு குரல் சொன்னது. பார்த்தால் மைக்ரோ. எதிர் ஓரத்தில், மரத்துக்கு முதுகைக் காட்டி, கையை அகல விரித்து நின்றார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தன் அக்காவுக்கு மட்டும் போன் பண்ணியிருந்தார். அப்படியே இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனை நிமிடம் என்று கேட்டால் எனக்கு ஒரு நாள் மாதிரி இருந்தது.

சிஸ்டர் அக்கா டூட்டி உடுப்போடு ஸ்கூட்டியில் வந்தார். கையில் ஒரு பை, ஒரு போர்வை. நேராகச் சந்துக்குள் போனார். "இதுக்கா இந்த அழுகை? ஆஸ்பத்திரில தெனம் நூறு பேருக்கு இதத்தான் சொல்லிகினு இருக்கேன். எந்திரிடி என் தங்கம்" என்பது கேட்டது. ஐந்து நிமிடத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு என் மகள் எங்கள் இருவரையும் தாண்டி ஸ்கூட்டியில் போனாள். அவர்கள் தெரு திரும்பும் வரை மைக்ரோ தலையைத் திருப்பவில்லை.

அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். அதே கேமராவை ஏதோ ஒரு ரோபோவின் கண்ணில் வைத்திருப்பதாக சிஸ்டர் அக்கா சொன்னார். தெருவில் யாராவது அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சிரிப்பவன் நான்தான். மற்றவர்கள் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

அன்று என் மனைவி வந்து, எல்லாம் கேட்டு, என்னைத் திட்டி, மகளைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஏழு மணி இருக்கும். கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. மைக்ரோ நின்றார். லுங்கி இல்லை. பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று தலையாட்டினார்.

"இன்னிக்கி நாலு மணிலேர்ந்து பதிஞ்சத பூரா அழிச்சிட்டேங்க சார். காப்பி கீப்பி எதுவும் இல்ல. பாப்பா பின்னாடி நெனச்சிகினு சங்கடப்படக் கூடாது பாருங்க."

உள்ளேயிருந்து மனைவி எழுந்து வந்து, "தம்பி, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

அவர் வாசற்படியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பாப்பா சாப்ட்டுச்சாங்க?"